எஸ்யூவி-யின் மின்னணு 'மூளை' பழுதானால்: மாற்றும் முன் உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

கொல்கத்தா: கொல்கத்தாவில் 2025 செப்டம்பர் 23 அன்று 24 மணி நேரத்திற்குள் 251.4 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. 1986-ஆம் ஆண்டுக்குப் பின் நகரில் ஒரே நாளில் பதிவான மிக அதிக மழை அது. கரியா காம்டஹரி பகுதியில் 332 மி.மீ., ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ. மழை பதிவானதாக மாநகராட்சி தெரிவித்தது. மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்த அந்நாளில், தெருவோரங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தள நிறுத்தங்களிலும் நின்றிருந்த கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

இத்தகைய வெள்ளத்திற்குப் பின் வாகன உரிமையாளர்களுக்கு அதிகச் செலவையும் குழப்பத்தையும் ஏற்படுத்தும் பாகங்களில் ஒன்று மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு. பழுதுபார்ப்போர் இதனை 'இசிஎம்' அல்லது 'இசியு' என்று அழைக்கின்றனர். இது எப்போது உண்மையில் பழுதாகிறது, மாற்றுவது ஏன் கடினம், செலவை யார் ஏற்க வேண்டும் என்பன குறித்த விளக்கம் வருமாறு:

கட்டுப்பாட்டு அலகின் பணி என்ன?

கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்து வந்த அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014 மே மாதம் நிறுத்தப்பட்டது. கார்புரேட்டரும் இயந்திர எரிபொருள் பம்பும் கொண்ட அதன் பழைய வகைகளில், என்ஜின் ஓசையைக் கேட்டே கோளாறைக் கண்டறிந்து திருப்புளியால் சரிசெய்யும் மெக்கானிக்குகள் நகரெங்கும் இருந்தனர்.

மாசு விதிகள் இறுகியபோது அந்த நிலை மாறியது. கொல்கத்தா உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ்-4 விதிகள் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலாகின. எரிபொருளை மில்லி விநாடிக் கணக்கில் அளந்து செலுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல் இந்த வரம்புகளை எட்ட இயலாது.

இன்றைய எஸ்யூவி ஒன்றில் இத்தகைய அலகுகள் பல உள்ளன. என்ஜின், தானியங்கி கியர், பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை, கதவு மற்றும் விளக்குகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி அலகுகள் இருக்கும். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' எனும் தகவல் தொடர்பு முறை மூலம் இவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்கின்றன. எனவே ஓர் அலகில் தோன்றும் கோளாறு, தொடர்பே இல்லாத வேறு விளக்கொன்றை எரியச் செய்வதும் உண்டு.

தண்ணீர் என்ன செய்கிறது?

கட்டுப்பாட்டு அலகின் கூடு பெரும்பாலும் நீர் புகாதவாறு அமைக்கப்பட்டிருக்கும். ஆயினும் அதனுடன் இணையும் கம்பித் தொகுப்பின் இணைப்பிகள் வழியே ஈரம் ஊடுருவுகிறது. சாக்கடை கலந்த மழைநீரில் உப்புகள் இருப்பதால் செப்பு முனைகள் விரைவில் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன. வாகனம் உலர்ந்து சில வாரங்கள் நன்றாக ஓடிய பின்னர் திடீரெனக் கோளாறு வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

காற்றுப்பைக் கட்டுப்பாட்டு அலகு இதில் தனிக் கவனத்திற்குரியது. பல கார்களில் இது முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டுள்ளது. என்ஜினைத் தொடாத அளவு தண்ணீர்கூட கம்பளத்தை நனைத்து இதனை எட்டிவிடும். வாகனம் இயல்பாக ஓடும். முகப்புப் பலகையில் காற்றுப்பை விளக்கு மட்டும் அணையாமல் எரியும். அந்த விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது, விபத்து நேரத்தில் காற்றுப்பை விரியாமல் போகும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

உண்மையில் பழுதானது அலகுதானா?

என்ஜின் இயங்காமை, ஓடும்போது அணைந்துபோதல், கியர் ஒரே நிலையில் நின்றுவிடுதல், பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிதல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 முனை இணைப்பியில் ஸ்கேனரைப் பொருத்தினால் கோளாறுக் குறியீடுகள் கிடைக்கும். 'பி0606' என்பது அலகின் செயலியில் கோளாறு இருப்பதைக் குறிக்கும். 'யு0100' என்பது என்ஜின் கட்டுப்பாட்டு அலகுடன் தொடர்பு துண்டிக்கப்பட்டதைக் குறிக்கும்.

ஆனால் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்பதாலேயே அலகு பழுதாகிவிட்டது என்று பொருளாகாது. வலுவிழந்த பேட்டரி, எரிந்த ஃபியூஸ், துருப்பிடித்த எர்த் இணைப்பு, எலி கடித்த கம்பி ஆகியவையும் இதே குறியீட்டைத் தரும். சென்சார்களுக்கு அலகு வழங்கும் 5 வோல்ட் மின்சாரம், ஏதேனும் ஒரு சென்சார் பழுதாகி மின்கசிவு ஏற்பட்டால் மொத்தமாகத் தடைபடும். அப்போதும் குற்றம் அலகின் மீதே விழும்.

எனவே அலகிற்கு வரும் மின்சாரத்தையும் எர்த் இணைப்பையும் மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே மாற்றுவது பற்றி முடிவு செய்ய வேண்டும். மூலக் கோளாறைச் சரிசெய்யாமல் புதிய அலகைப் பொருத்தினால் அதுவும் பழுதாகக்கூடும். மின்னணுப் பாகங்களைப் பொருத்திய பின் திரும்பப் பெற விற்பனையாளர்கள் பெரும்பாலும் மறுப்பதால், இழப்பு உரிமையாளருக்கே.

மாற்றுவது ஏன் எளிதல்ல?

கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்ற சந்தை. கண்ணாடி, கதவு போன்றவற்றை அங்கு வாங்கிப் பொருத்துவதைப் போலக் கட்டுப்பாட்டு அலகை வாங்கிப் பொருத்திவிட முடியாது. ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் அலகின் பாக எண்ணும் மென்பொருள் பதிப்பும் பொருந்த வேண்டும். பழைய அலகில் முந்தைய வாகனத்தின் அடையாள எண்ணும் திருட்டுத் தடுப்புக் குறியீடும் பதிந்திருக்கும். சாவியை அந்த அலகு அடையாளம் காணாவிடில் என்ஜின் இயங்காது.

புதிய அலகிலும் வாகனத்திற்குரிய மென்பொருளை ஏற்றி, அடையாள எண்ணைப் பதிந்து, சாவிகளை மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டும். டீசல் என்ஜினாயின் பல மாடல்களில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் திருத்தக் குறியீட்டையும் உள்ளிட வேண்டும். மென்பொருள் ஏறும்போது பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் புதிய அலகே செயலிழக்க நேரிடலாம் என்பதால், அப்பணியின்போது வெளியிலிருந்து சீரான மின்சாரம் தரப்படுகிறது.

காற்றுப்பை அலகைத் தொடும் முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட நேரம் காத்திருப்பது கட்டாயம். பேட்டரி இல்லாவிட்டாலும் காற்றுப்பையை விரியச் செய்வதற்கான மின்சக்தி அதன் மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

தயாரிப்புக் குறையாயின் செலவு யாருடையது?

பழுதுக்குத் தண்ணீர் காரணமாக இல்லாமல், அலகே குறையுடன் தயாரிக்கப்பட்டிருப்பதும் உண்டு. மாருதி சுசுகி நிறுவனம் 2023 ஜனவரியில் காற்றுப்பைக் கட்டுப்பாட்டு அலகில் குறை இருக்கலாம் என்று கூறி 17,362 வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரிக்கப்பட்ட பிரெஸ்ஸா, கிராண்ட் விட்டாரா உள்ளிட்ட ஆறு மாடல்கள் அதில் அடங்கும். அலகு மாற்றப்படும் வரை வாகனத்தை ஓட்ட வேண்டாம் என்றும் அந்நிறுவனம் அறிவுறுத்தியது. 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் நிறுவனம் 7,698 கிரெட்டா, வெர்னா கார்களையும், கியா நிறுவனம் 4,358 செல்டோஸ் கார்களையும் தானியங்கி கியரின் மின்னணு எண்ணெய் பம்ப் கட்டுப்பாட்டு அலகை மாற்றுவதற்காகத் திரும்ப அழைத்தன. இவ்வாறு திரும்ப அழைக்கப்படும் வாகனங்களில் பாகம் இலவசமாக மாற்றித் தரப்படுகிறது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். கட்டாய உத்தரவின் பேரில் திரும்பப் பெறும் நிறுவனங்களுக்கு ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்யப்பட்டுள்ளது. ஆகவே, அலகிற்குப் பணம் செலுத்தும் முன் தங்கள் வாகனத்தின் அடையாள எண் ஏதேனும் திரும்பப் பெறும் அறிவிப்பில் உள்ளதா என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

நீதிமன்றம் கூறியது என்ன?

2015 ஆகஸ்டில் வாங்கப்பட்ட ஒரு கிரெட்டா கார் 2017 நவம்பரில் விபத்துக்குள்ளானபோது முன்பக்கக் காற்றுப்பைகள் விரியவில்லை. உரிமையாளருக்கு இழப்பீடு வழங்கவும் வாகனத்தை மாற்றித் தரவும் டெல்லி மாநில நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. அதனை எதிர்த்து ஹூண்டாய் தாக்கல் செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 20 அன்று தள்ளுபடி செய்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் முன்னர் நீதிபதியாகப் பணியாற்றிய அனிருத்தா போஸ், அந்த அமர்வில் இடம்பெற்றிருந்தார். மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டும் என எதிர்பார்க்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

காப்பீடும் புகாரும்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்காது. வாகனத்தின் சொந்தச் சேதத்திற்கான காப்பீடும் இருக்க வேண்டும். அதிலும், தண்ணீர் புகுந்த பின் என்ஜினை இயக்க முயன்றதால் விளைந்த சேதத்தை, என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு இல்லாவிடில் நிறுவனங்கள் வழக்கமாக ஏற்பதில்லை. எனவே நீரில் நின்ற வாகனத்தை இயக்க முற்படாமல், புகைப்படம் எடுத்து, இயன்றால் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தகவல் அளித்து, இழுவை வாகனம் மூலம் பணிமனைக்குக் கொண்டுசெல்வதே முறை.

பணிமனையோ தயாரிப்பாளரோ பொறுப்பேற்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தொடர்புகொள்ளலாம். செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை இருப்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். உரிமையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அத்தகைய வழக்கில் ஸ்கேனர் அறிக்கையின் அச்சுப்படி, பணி அட்டை, பணச்சீட்டு ஆகியவை முதன்மைச் சான்றுகளாகும். கழற்றப்பட்ட பழைய அலகும் முக்கியச் சான்று என்பதால், வழக்கு முடியும் வரை அதனைப் பணிமனையிடமே விட்டுவிடாமல் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனமோ தயாரிப்பாளரோ ஆய்வுக்காக அந்த அலகை எடுத்துச் சென்றால், அதன் வரிசை எண்ணுடன் கூடிய ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும்.