சாவி பக்கத்தில்தான் இருக்கிறதா?

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியின் பழைய தெருக்களில் காருக்கென்று தனி இடம் விட்டுக் கட்டிய வீடுகள் குறைவு. தெருவை ஒட்டி வாசல், வாசலை ஒட்டி கார். நிலையைத் தாண்டியதும் சுவரில் ஓர் ஆணி. வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, தறிக்கூடச் சாவி எல்லாம் அதில் தொங்கும். இரும்புச் சாவி இருந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சாவியை எடுக்க வேண்டுமானால் திருடன் வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

ஸ்மார்ட் கீ வந்தபின் அந்தக் கட்டாயம் இல்லாமல் போய்விட்டது. ஆணியில் தொங்கும் சாவியை யாரும் தொடாமலே, வாசலில் நிற்கும் கார் அது தன் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக் கதவைத் திறந்து, எஞ்சினையும் ஓடவிடும்படி செய்ய முடியும். இது பணக்காரர் கவலை என்று தள்ளிவிடவும் முடியாது. பட்டனை அழுத்திக் கிளப்பும் வசதி இன்று சிறிய கார்களிலேயே வந்துவிட்டது. 2023 ஜனவரியில் ஆக்டிவா ஸ்கூட்டரும் ஸ்மார்ட் கீயோடு விற்பனைக்கு வந்தது.

2025 ஜூனில் சென்னை அண்ணா நகரில் நடந்த ஒரு கார் திருட்டு வழக்கில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. பல மாநிலங்களில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, நூற்றுக்கும் மேற்பட்ட கார்களைத் திருடியவர் என்பது காவல்துறை தரப்பில் சொல்லப்பட்டது. கண்ணாடி உடையவில்லை, பூட்டு சிதையவில்லை. மின்னணுக் கருவிகளே அவரது ஆயுதம் என்று செய்திகள் வந்தன. ஈழத்தமிழர் நிறைந்து வாழும் கனடாவின் டொரோண்டோ வட்டாரத்தில் இது வீட்டுக்கு வீடு பேசப்படும் பிரச்சினை. ஆண்டுக்குச் சுமார் 90,000 கார்கள் திருடுபோகின்றன என்று மதிப்பிட்ட கனடா அரசு, 2024 பிப்ரவரியில் அதற்கென்றே ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்டியது. இரவில் வாசலில் நின்ற வண்டி சில நாளில் மாண்ட்ரியல் துறைமுகத்தில் கப்பல் ஏறி வேறு கண்டத்துக்குப் போய்விடுகிறது.

சாவிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு ஸ்மார்ட் கீயின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று. விரல்நுனி அளவுக்கு ஒரு சிப். அதன் அருகே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்கள், மூன்று திசைகளை நோக்கி. பையில் தலைகீழாகக் கிடந்தாலும் மேசையில் படுத்துக் கிடந்தாலும் காரின் குரல் ஏதாவது ஒரு சுருளின் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று.

கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு கேள்வியை அனுப்புகிறது. அது ஒவ்வொரு முறையும் மாறும் ஓர் எண். சாவி, தனக்கும் காருக்கும் மட்டும் தெரிந்த ரகசிய எண்ணை அதோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை 433 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்புகிறது. காரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடும். சரியாக இருந்தால் கதவு திறக்கும். ரகசிய எண் ஒருமுறைகூடக் காற்றில் போவதில்லை. நேற்றைய விடையைப் பதிவுசெய்து வைத்தாலும் இன்றைய கேள்விக்கு அது பொருந்தாது. இதுவரை நல்ல ஏற்பாடுதான்.

கோளாறு வேறோர் இடத்தில் இருக்கிறது. சாவி பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கார் எப்படி அறிகிறது? அறிவதில்லை, ஊகிக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் எழும் காந்தப்புலம் தூரம் போகப் போக மிக வேகமாக வலுவிழக்கும். தூரம் இரட்டிப்பானால் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒன்றிரண்டு மீட்டர் தாண்டினால் கேள்வி சாவிக்குக் கேட்காது. ஆகவே பதில் வந்தால் சாவி பக்கத்தில்தான் என்று பொறியாளர்கள் முடிவுகட்டினார்கள். கேள்வியை இன்னொருவர் சுமந்துகொண்டு போய்ச் சாவியிடம் சேர்க்கலாம் என்பதை அந்த வடிவமைப்பு கணக்கில் எடுக்கவில்லை.

நடுவில் நிற்பவர்

கணித அறிஞர் ஜான் கான்வே 1976இல் எழுதிய நூலில் ஒரு சதுரங்கத் தந்திரம் வரும். ஆட்டமே தெரியாத ஒரு சிறுமி, இரண்டு கிராண்ட்மாஸ்டர்களோடு ஒரே நேரத்தில் தபால் வழியாக ஆடுகிறாள். ஒருவரோடு வெள்ளை, மற்றவரோடு கறுப்பு. முதலாமவர் நகர்த்தியதை இரண்டாமவருக்கு எழுதுகிறாள். அவர் தரும் பதிலை முதலாமவருக்குத் திருப்புகிறாள். காய் நகர்த்தத் தெரியாமலே இருவரையும் சமாளித்துவிடுவாள்.

கார் திருடர்கள் செய்வது இதையேதான். ஒருவர் காரின் அருகே, மற்றவர் வீட்டு வாசலில் ஒரு வளைய ஆன்டெனாவோடு. காரின் கேள்வியை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்புகிறது. அது நிலைக்கு அப்பால் ஆணியில் தொங்கும் சாவிக்கு உரக்கச் சொல்கிறது. சாவி உண்மையான விடையைத் தருகிறது. ரகசியம் எதுவும் உடையவில்லை, பூட்டும் ஏமாறவில்லை. ஏமாந்தது தூரம் பற்றிய நம்பிக்கை மட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் சாவி தொலைவில் போனாலும் பெரும்பாலான கார்கள் எச்சரிக்குமே தவிர நிற்காது. ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றால் உயிருக்கு ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இதைச் சோதனையில் மெய்ப்பித்தவர்கள் சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓரெலியன் ஃப்ரான்சியோன், போரிஸ் டானெவ், ஸ்ர்ஜான் சாப்குன். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களை எடுத்துக்கொண்டார்கள். பத்தும் திறந்தன; பத்தும் ஸ்டார்ட் ஆயின. பதில் எவ்வளவு தாமதமானால் கார் சந்தேகப்படும் என்றும் அளந்தார்கள். இருப்பதிலேயே கறாரான கார் 35 மைக்ரோநொடி வரை பொறுத்தது. ஒரு கார் 10 மில்லிநொடிக்கும் மசிந்துகொடுத்தது.

இந்த எண்களை நம் ஊர்த் தூரத்தில் வைத்துப் பார்ப்போம். 35 மைக்ரோநொடியில் ஒளி பத்து கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப என்றால் ஐந்து. அதாவது அந்தக் கறாரான கார் பாளையம்பட்டியில் நின்றுகொண்டு, அருப்புக்கோட்டைக் கடைவீதியில் இருக்கும் சாவியைத் தன் பக்கத்தில் இருப்பதாக ஏற்கும். பத்து மில்லிநொடி பொறுக்கும் கார், கணக்குப்படி சென்னையில் இருக்கும் சாவியையும் ஏற்கும்.

தாமதத்தை இன்னும் இறுக்கினால் என்ன என்று கேட்கலாம். அந்த அதிர்வெண்ணில் அது நடக்காது. 125 கிலோஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்கவே 8 மைக்ரோநொடி ஆகிறது. அதற்குள் ஒளி 2.4 கிலோமீட்டர் போய்விடும். அலை அவ்வளவு நீளமாக இருக்கும்போது இரண்டு மீட்டரையும் இருபது மீட்டரையும் அதைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை.

இன்னும் மூன்று ஓட்டைகள்

தூரத்தை ஏமாற்றுவது ஒரு வழி. ரகசியத்தையே உடைப்பது இரண்டாவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஒரு பழைய சிப்பில் ரகசிய எண்ணின் நீளம் 40 பிட்டுகள் மட்டுமே. சாத்தியமான எண்கள் சுமார் 1.1 லட்சம் கோடி. நமக்கு மலைப்பாகத் தெரியும். கணினிக்கு அது எட்டிவிடும் எண்ணிக்கைதான். இதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தாரும் 2005இலேயே உடைத்துக் காட்டினார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 2018இல், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெனர்ட் வூட்டர்ஸ் குழுவினர் டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியைச் சில நொடிகளில் நகலெடுத்தார்கள். அதற்குள் இருந்தது அதே 40 பிட் முறை.

மூன்றாவது வழி மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டும் பதினாறு முனைச் சாக்கெட். சாவி தொலைந்தவருக்குப் புதுச் சாவி பதிந்து கொடுப்பது இதன் வழியாகத்தான். அந்த வசதி நியாயமாகத் தொழில் செய்பவருக்கு வேண்டும். ஆனால் பதியும் கருவி தவறான கையில் சிக்கினால், காருக்குள் நுழைந்துவிட்டவர் தனக்கென்றே ஒரு சாவி பதிந்துகொள்கிறார்.

நான்காவது வழி சாவியையே கேட்பதில்லை. 2022 ஜூலையில் லண்டனில் இயன் டேபர் என்பவரின் டொயோட்டா ராவ்4 காணாமல் போனது. அவர் வாகன மின்னணுப் பாதுகாப்பு ஆய்வாளர். அதற்கு முன்பே யாரோ பம்பரை இழுத்து முன்விளக்கின் ஒயர்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சேட்டை என்று நினைத்தது ஒத்திகை என்று பிறகே தெரிந்தது. காருக்குள் இருக்கும் குட்டிக் கணினிகள் எல்லாம் கேன் என்ற இரட்டைக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் அதை 1986இல் அறிமுகம் செய்தபோது, அந்தக் கம்பியில் அந்நியர் வந்து பேசுவார் என்ற எண்ணமே இல்லை. அதனால் பேசுவது யார் என்று அது கேட்பதில்லை. முன்விளக்குக் கம்பி வழியாக நுழைந்த கருவி, “சாவி சரிபார்க்கப்பட்டது, வண்டியை விடு” என்று சொன்னது, கார் கேட்டுக்கொண்டது. அந்தக் கருவியின் கூடு சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர். டேபரும் அவரது நண்பர் கென் டிண்டெலும் சேர்ந்து ஆராய்ந்த இந்த முறையை 2023 ஏப்ரலில் டிண்டெல் வெளியிட்டார்.

மருந்து முன்பே இருந்தது

தூரத்தை ஊகிக்காமல் அளக்க முடியும். ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தை நானோநொடிக் கணக்கில் அளந்தால், நடுவில் நிற்பவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிடிபடுவார். ஒளியை முந்த யாராலும் முடியாது. இந்தக் கருத்தை ஸ்டெஃபான் பிராண்ட்ஸும் டேவிட் சாமும் 1993இலேயே முன்வைத்துவிட்டார்கள். மெர்சிடிஸ் காரில் சாவியில்லா வசதி வந்தது அதற்குப் பிறகு, 1990களின் கடைசியில்.

மிகக் குறுகிய துடிப்புகளால் தூரத்தை அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் முறை 2018 வாக்கில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களிலும், 2021இல் பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ் காரிலும் வந்தது. அதுவும் கடைசிச் சொல் அல்ல. இந்த முறையிலும் தூரத்தைக் குறைத்துக் காட்டும் வழிகளை 2022இல் சூரிச் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு குழு வெளியிட்டது. ஆனாலும் திருடனின் வேலையை இது பலமடங்கு கடினமாக்குகிறது. இதைவிட எளிய மருந்தும் உண்டு. சாவிக்குள் ஓர் அசைவு உணரியை வைத்து, சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் பேசாமல் உறங்கச் செய்வது. ஃபோர்டு 2019இல் பிரிட்டனில் விற்ற ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் சாவிகள் 40 நொடியில் உறங்கிவிடும். ஆணியில் தொங்கும் சாவிக்கு இது ஒன்றே பெரிய காவல்.

நம் கையில் இருப்பது

கரிசல் காட்டு ஊர்களில் இன்றும் வண்டி திருடுபவர் பெரும்பாலும் ஹேண்டில் லாக்கை உடைத்து ஒயரை இணைப்பவர்தான். அதற்காக மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம். செய்ய வேண்டியவை எளியவை.

இரவில் சாவியைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து எடுத்து உள்ளறையில் வையுங்கள். மாற்றுச் சாவியையும் சேர்த்து. பலர் மறப்பது மாற்றுச் சாவியைத்தான். மூடி இறுக்கமாகப் பொருந்தும் தகர பிஸ்கட் டப்பா நல்ல காப்பு. தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலத்தை மெல்லிய அலுமினியத் தாள் ஒரே சுற்றில் தடுத்துவிடாது. எவர்சில்வர் டப்பாக்களும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம்புவதைவிடச் சோதிப்பது நல்லது. சாவியை டப்பாவில் போட்டு மூடி, காரின் கதவோரம் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் அந்த டப்பா வேண்டாம். பழைய ஸ்டீயரிங் லாக் கம்பியும் மதிப்பிழக்கவில்லை; எந்த ரேடியோ அலையாலும் அதை அறுக்க முடியாது.

பழைய கார் வாங்குபவர்கள், காரில் எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லி, தம் கையில் இல்லாதவற்றை அழித்துவிட வேண்டும். இன்சூரன்சில் தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியிருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும் இரண்டு அசல் சாவிகளையும் கேட்பார்கள். ஒரு சாவி தொலைந்தால் அன்றைக்கே எழுதிக்கொடுத்துப் பதிவு செய்துகொள்வது பின்னால் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஆனால் சுமை முழுவதையும் வாங்கியவர் தலையில் வைப்பது நியாயமில்லை. தகர டப்பா தேடும் நிலைக்குப் பல லட்சம் கொடுத்தவரைத் தள்ளியது வடிவமைப்பு. தயாரிப்பாளர்கள் மனம் வைத்தால் விற்ற வண்டியையும் திருத்த முடியும். பிரிட்டனில் ரேஞ்ச் ரோவர் திருட்டு பெருகி, காப்பீட்டு நிறுவனங்கள் முகம் திருப்பியபோது, டாட்டாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டுப் பழைய கார்களின் பாதுகாப்பை மேம்படுத்துவதாக 2023இல் அறிவித்தது. வாகன இணையப் பாதுகாப்புக்கென ஐ.நா. வகுத்த ஆர்-155 விதி 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புது வாகனங்களுக்கும் கட்டாயம். இந்தியாவும் அதே வழியில் ஏ.ஐ.எஸ். 189 என்ற தரநிலையை வகுத்திருக்கிறது.

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை, மோதினால் உயிர் தப்புமா என்று பார்த்து நட்சத்திரம் தருகிறது. அதன்பிறகு ஷோரூமில் நட்சத்திரம் எத்தனை என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. சாவிக்கும் அப்படி ஒரு மதிப்பெண் வேண்டும். அது வரும்வரை நாமே கேட்போம்: இந்தச் சாவி தூரத்தை அளக்கிறதா, அசையாமல் கிடந்தால் உறங்குகிறதா, சாவியில்லா வசதியை அணைத்துவைக்க முடியுமா? விற்பவருக்கு முதலில் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். கம்பெனி விடை தேடத் தொடங்குவது அங்கிருந்துதான்.