மலையேறிய கழனிகள்

பள்ளிக் கண்காட்சிக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டுப் படிக்கட்டு வயல்களை மாதிரியாகச் செய்வது என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் முடிவு செய்தோம். களிமண்ணைக் குழைத்து மலை செய்தோம். அட்டையால் சீவிப் படிகள் வெட்டினோம். பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளைத் தூவியதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. "நெல் வயல் என்றால் தண்ணீர் வேண்டாமா?" என்று எங்களில் ஒருத்தி உச்சியில் ஒரு குவளை நீரை ஊற்றினாள். அவ்வளவுதான்! மேல்படி கரைந்து கீழ்ப்படியில் விழ, அது அதற்கும் கீழே விழ, ஐந்தே நிமிடத்தில் எங்கள் மலை மேசை மேல் சேறாகக் கிடந்தது.

பிலிப்பைன்சில் சில காலம் பணியாற்றித் திரும்பியிருந்த அருட்சகோதரி ஒருவர் அப்போது எங்கள் மடத்தில் தங்கியிருந்தார். சேற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அந்த மலை ஏன் கரையவில்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளா" என்றார். இரண்டு சனிக்கிழமை மாலைகளில், படங்களைக் காட்டி, அவர் வழிகாட்டியாய் முன்னே செல்ல, கால் நோகாமல் நாங்கள் போய் வந்த பயணத்தையே இங்கு எழுதுகிறோம். நீங்களும் உடன் வாருங்கள்.

மணிலா நகரில் இரவு பேருந்து ஏறினால், சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே சென்று, விடியும் வேளையில் பனாவே என்னும் மலையூரில் இறங்கலாம். லூசோன் தீவின் கார்டில்லெரா மலைத்தொடரில் உள்ள இஃபுகாவ் மாகாணம் இது. அங்கே வாழும் பழங்குடி மக்களின் பெயரும் இஃபுகாவ்தான். குன்றைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருளாம். நம் இலக்கியத்திலும் குன்றவர் உண்டு. ஆனால் குறிஞ்சிக்குத் தினை, மருதத்துக்கு நெல் என்றுதானே தமிழ் வகுப்பில் படித்தோம்? இம்மக்களோ மருதத்தையே தூக்கிக்கொண்டு போய்க் குறிஞ்சியில் வைத்துவிட்டார்கள்!

பனாவேயில் வயல்களைப் பார்க்க ஒரு மேட்டிடம் இருக்கிறது. அங்கே இறகு சூடிய தலையும் சிவப்பு நெசவு ஆடையுமாக முதியவர்கள் சிலர் அமர்ந்திருப்பார்கள். அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டால் சிறிது பணம் தரவேண்டும். இதைக் கேட்டதும் எங்களில் சிலர் முகம் சுளித்தோம். "அவர்கள் பாட்டன் கட்டிய வயலை நீங்கள் இலவசமாகப் பார்க்கவில்லையா?" என்றார் சகோதரி. பதில் சொல்லத் தெரியவில்லை.

பனாவேயிலிருந்து பாடாட் என்னும் ஊருக்குப் போக வேண்டும். ஓரளவுக்குத்தான் வண்டி போகும். பிறகு உள்ளூர் வழிகாட்டி முன்னே நடக்க, நாம் பின்னே இறங்க வேண்டும். ஒரு வளைவில் திரும்பியதும் கண்கொள்ளாக் காட்சி! மூன்று பக்கமும் மலை வளைந்து நிற்க, அடியிலிருந்து மேல்வரை படிப்படியாக வயல்கள். அவற்றுக்கு நடுவே சிறு ஊர். வயலுக்கு வயல் போகக் கற்சுவரின் விளிம்புதான் பாதை. ஓரடி அகலம்கூட இல்லாத இடங்களும் உண்டாம். ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பள்ளம். கால் தடுமாறினால் சேற்றுப் பக்கமாக விழுவதே நல்லது என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்வார்களாம்.

இனி எங்கள் மலை ஏன் கரைந்தது என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்க மானுடவியல் அறிஞர் ஹெரால்டு காங்க்லின் இப்பகுதியில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1980-ல் ஒரு பெரிய வரைபட நூலை வெளியிட்டார். வயல் கட்டும் முறையை அவர் அதில் விளக்கியிருக்கிறார். முதலில் அடிக்கல் வைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். சுவருக்குப் பின்னே கல்லும் சரளையும் நிரப்பி, அதன்மேல் மண் போடுகிறார்கள். அந்த மண்ணைக் கெட்டியான களியாக மிதித்து இறுக்கிய பிறகுதான் பயிர் வளரும் சேறு. களி நீரைத் தேக்கி வைக்கிறது. அதையும் மீறிக் கசியும் நீர் சரளை வழியே வெளியேறிவிடுவதால் சுவரைத் தள்ளுவதில்லை. நாங்கள் வெறும் களிமண்ணைக் குவித்து வைத்திருந்தோம். நீருக்குப் போக வழி ஏது?

இன்னொன்றும் எங்களை வியக்க வைத்தது. அறுவடைக்குப் பிறகும் அவர்கள் வயலைக் காயவிடுவதில்லை. காய்ந்தால் களி வெடிக்கும். அடுத்த மழையில் வெடிப்பினுள் நீர் புகுந்து சுவரைச் சாய்த்துவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நீருக்கு மேலே காடு வேண்டும். வயல்களுக்கு மேலுள்ள காட்டை 'முயோங்' என்கிறார்கள். அது குடும்பச் சொத்து. விறகுக்கும் வீட்டுக்கும் மரம் எடுக்கலாம். ஆனால் மொட்டையடிக்கக் கூடாது என்பது முன்னோர் வகுத்த வழக்கம். மழையைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கீழே விடுவது அந்தக் காடுதான்.

வீடுகளும் நெற்குதிர்களும் நான்கு மரத்தூண்கள் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலும் வட்டமான மரத்தட்டு ஒன்று. எலி தூணில் ஏறலாம், தட்டைத் தாண்ட முடியாது! குதிரினுள் 'புலுல்' என்னும் மரச்சிற்பத்தை நெல்லுக்குக் காவலாக வைப்பார்கள்.

அவர்களுடைய பழைய நெல்லின் பெயர் 'தினாவோன்'. ஆண்டுக்கு ஒரே போகம். நாற்று நடுவதும் அறுப்பதும் பெண்கள் வேலை. கதிர் கதிராகச் சிறு கத்தியால் கொய்வார்கள். இன்று என் வயலில் நீங்கள், நாளை உங்கள் வயலில் நான் என்று மாற்றி மாற்றி உழைக்கும் வழக்கம் அங்கு உண்டு. நம் கிராமங்களில் மாற்றாள் வைப்பது போலத்தான். அறுக்கும்போது வயதில் மூத்த பெண்மணி ஒருவர் முதலில் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இப்பாட்டுக்கு 'ஹுட்ஹுட்' என்று பெயர். விதைப்பின்போதும் இறந்தவர் வீட்டில் இரவு விழித்திருக்கும்போதும் பாடுவார்கள். இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுகள் உண்டு. ஒன்றை முழுதாகப் பாடி முடிக்கப் பல நாட்கள் ஆகலாம். ஒரு பாட்டில் அலிகுயோன், பும்பாக்ஹாயோன் என்னும் இரு வீரர்கள் ஆண்டுக்கணக்கில் போரிட்டும் யாரும் வெல்லவில்லை. கடைசியில் ஒருவர் தங்கையை மற்றவர் மணந்து உறவாகிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் சகோதரி சற்றுத் தயங்கினார். மறைக்காமல் சொல்கிறேன் என்று தொடங்கினார். பெல்ஜிய நாட்டுக் குருக்கள் 1907-ல் பிலிப்பைன்ஸ் வந்து, இம்மலைப் பகுதிகளிலும் ஆலயங்களும் பள்ளிகளும் அமைத்தனர். மக்கள் பலர் கிறிஸ்தவராயினர். நெல்லுக்குரிய பழைய சடங்குகள் குறைந்தன. அவற்றோடு சேர்ந்த பாட்டும் குறைந்தது. பின்னர் அதே சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் லாம்பிரெக்ட் என்னும் குருவே பாடகர்களிடம் கேட்டு, ஹுட்ஹுட் பாட்டுகளை எழுதி வெளியிட்டார். ஒரு கை தளர்த்தியதை இன்னொரு கை பிடித்துக்கொண்டது போலிருந்தது எங்களுக்கு. 2001-ல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாட்டை மனித குலத்தின் அரிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. இப்போது அங்கே சிறுவர் சிறுமியருக்கு முதியவர்கள் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

வயல்களின் வயது பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்றே பல நூல்களில் காண்கிறோம். ஆனால் ஸ்டீபன் அகாபடோ என்னும் தொல்லியல் அறிஞர் மண்ணைத் தோண்டி ஆராய்ந்து, ஸ்பானியர் வந்தபின், ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குள்தான் ஈர நெல் வயல்கள் அங்கே பெருகின என்கிறார். அந்நியருக்கு அடங்காமல் இருப்பதற்காக மலைக்குள் வந்து குவிந்த மக்கள் கட்டியது என்பது அவர் கருத்து. பழமை குறைந்ததே என்று சிலர் வருந்தினர். எங்களுக்கு வியப்பு கூடத்தான் செய்தது. அத்தனை சுவர்களை இவ்வளவு விரைவிலா எழுப்பினார்கள்!

பாடாட், பங்கான், மயோயாவ், ஹுங்டுவான், நகாகடான் ஆகிய ஐந்து இடங்களின் வயல்கள் 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. பலரும் படமெடுக்கும் பனாவே வயல்கள் அப்பட்டியலில் இல்லை என்பது விந்தை! 2001-ல் அவை ஆபத்திலுள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. பல சுவர்கள் சரிந்து கிடந்தன. பெரிய மண்புழுக்கள் களியைத் துளைத்து நீரை வடித்தன. உணவுக்கென்று 1980-களில் அந்நாட்டுக்குக் கொண்டுவந்த ஒருவகை நத்தை நாற்றைத் தின்றது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், சரிந்த கல்லை எடுத்து வைக்க ஆள் இல்லாமற் போனது. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பின்னர் பழுதுபார்க்கும் முயற்சிகள் நடந்து, 2012-ல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

"போனவர்கள் தவறு செய்தார்களா?" என்று சகோதரி கேட்டார். வகுப்பில் பெரும் வாக்குவாதம்! வேர் மறக்கலாமா என்றனர் ஒரு சாரார். எங்களில் இருவர் உழவர் வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து, "எங்கள் அப்பா என்னை வரப்பில் ஏறவே விடமாட்டார். நீயாவது படித்துப் பிழை என்பார். அங்குள்ள அப்பாக்களும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்?" என்றாள். வகுப்பு அடங்கிவிட்டது. சகோதரியும் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

மாதிரியை மறுபடி செய்தோம். இம்முறை விளையாட்டுத் திடலில் பொறுக்கிய சரளைக் கற்களால் சுவர் வைத்து, பின்னால் மணல் நிரப்பி, மேலே களி பூசினோம். உச்சியில் காடாக வேப்பங்கொத்துகளை நட்டோம். நீர் நின்றது! ஆனாலும் கண்காட்சி நடந்த இரண்டு நாட்களும் யாராவது ஒருத்தி குழைத்த களியுடன் அதன் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தது. பார்க்க வந்த தாய்மார் ஒருவர், "இன்னும் முடிக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டார். முடித்துவிட்டோம், பழுதுபார்க்கிறோம் என்றோம்.