ஐப்பசி மழையில் மஞ்சளாகும் தவளை

தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளில் தவளைச் சத்தம் கேட்குமா? கேட்காது. தவளை நீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. உப்பு நீரில் இறங்கினால், அதன் உடம்பில் இருக்கும் நீரையும் உப்பு இழுத்துவிடும். அதனால்தான் இந்தியக் காளைத் தவளைக்கு வீடு, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் நன்னீர்க் குளங்களும் தாமிரபரணி பாயும் நெல் வயல்களும்.

கோடை முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்கியதும் வெளியே வரும். அப்போதுதான் வேடிக்கை! பச்சையும் பழுப்புமாக இருந்த ஆண் தவளை பளிச்சென்று எலுமிச்சை மஞ்சளுக்கு மாறிவிடும். தொண்டையின் இருபுறமும் நீல நிறக் குரல் பைகள் உப்ப, விடிய விடியக் கத்தும். எல்லாம் பெண் தவளையை அழைக்கத்தான். பெண்ணோ நிறம் மாறுவதே இல்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆணின் மஞ்சளும் மறைந்துவிடும். இந்த மஞ்சளைக் கண்டு விஷத் தவளை என்று மிரள்பவர்கள் உண்டு. பயம் வேண்டாம், அது நிறம் மட்டும்தான்.

வாய்க்கு அடங்கும் எதையும் அது விடாது. பூச்சி, நண்டு, சுண்டெலி, சில நேரம் சிறு பாம்புகூட இரையாகும். வயல் பூச்சிகளைத் தின்னும் இந்தத் தவளையையே ஒரு காலத்தில் பிடித்து, அதன் கால்களை வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைகளுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்தது.