விடிந்தால் மட்டும் போதுமா?

எஹலியகொடவைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியலில் தொடங்கும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆனாலும் விடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் மரத்தில் கத்தி வைப்பதில்லை. முதலில் பட்டையைப் பார்ப்பார்கள். இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து, சிரட்டைக்கு வராமலே வீணாகும். வேலைக்கு நேரம் அழைக்கலாம். அனுமதி தருவது மரத்தின் நிலைதான். அலுவலகக் கணினியில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓடவிடுகிறவர்களுக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தமது பெருங்கணினிகளைத் தனித் திரைக் கருவிகள் வழியாக இயக்கிய காலம் உண்டு. ஐபிஎம் 1971இல் வெளியிட்ட 3270 அவற்றில் பேர்பெற்றது. அந்தத் திரையை இன்றைய மேசைக் கணினியில் ஒரு சாளரமாகக் காட்டும் மென்பொருளே டெர்மினல் எமுலேட்டர். அதில் நாள்தோறும் ஒரே வரிசையில் அழுத்தும் விசைகளைப் பதிந்து வைத்தால் அது மேக்ரோ. விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரிடம் எமுலேட்டரையும் மேக்ரோவையும் நேரத்தையும் சொல்லிவிட்டால், ஆள் இல்லாமலே வேலை தொடங்கும். தொடங்குவது வேறு, முடிவது வேறு. கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்ற அறிவித்தல் திரையில் வந்து நின்றாலும், கண்ணில்லாத மேக்ரோ அதன்மேலேயே கணக்கு எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும். எமுலேட்டர் திறந்து மூடியதால், வேலை முடிந்தது என்றே ஷெடியூலர் பதிந்துகொள்ளும்.

கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2006 ஏப்ரலில் இலங்கையின் நேரமே அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதும் மின்சாரத்தைத் துண்டித்தது. குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த வேலை தவறிப்போகும். மின்சாரம் வந்ததும் அதைத் தொடங்கும் வசதி ஷெடியூலரில் இருக்கிறது. ஆனால் நாமாகத் தெரிவு செய்தால்தான் அது இயங்கும்.

மனிதரும் பிழை விடுகிறார்களே, இயந்திரம் களைப்பதில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் பழக்கமில்லாத திரையைக் கண்டால் மனிதர் கையை நிறுத்துவார். அந்த நிதானத்தை மேக்ரோவுக்கும் கற்றுக்கொடுக்கலாம். இத்தனை வினாடி காத்திரு என்று எழுதுவதற்குப் பதிலாக, இந்தச் சொல் திரையில் தெரியும்வரை காத்திரு, தெரியாவிட்டால் நிறுத்து என்று எழுதலாம். இது மேலதிக வேலை என்பதும் சரியே. ஒருமுறை செய்தால் போதும். சம்பளத்தில் தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில் கொடுப்பவரின் 12 சதவீதமும் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஒன்று இப்படித் தயாராகுமானால், அதில் விழும் பிழை ஒருவரின் முதுமைக் காலச் சேமிப்பில் விழும் பிழை. ஆகவே ஷெடியூலர் சொல்லும் வெற்றியோடு நின்றுவிடாதீர்கள். காலையில் வந்ததும் அந்த வேலை உருவாக்கிய கோப்பைத் திறந்து, அதன் திகதியையும் வரிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள்.