‘இன்ன பிறர்’ வரிசையிலா பாட்டாளி?

பெரம்பூர் படிப்பகத்தில் சென்ற வாரம் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கையேட்டை நீட்டினார். வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள்! எம்.பி.ஏ. படிப்புத் தரும் கல்லூரி ஒன்றின் விளம்பரம் அது. ‘ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவு பெற்ற பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக் கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட்டுள்ளோம், முன்னேற்ற அறிக்கையும் அளிக்கிறோம்’ என்று அதிலே பெருமை பொங்கப் பொறித்திருந்தார்கள்.

“என் மகன் இப்படிப்பட்ட கல்லூரியிலே சேரப் போகிறான் அண்ணே! நானோ துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. நாளைக்கு என்னைப் போன்றவர்களை வேலை வாங்கத்தானே அவன் படிக்கிறான்? அந்தப் படிப்பிலே எங்களைப் பற்றி என்ன சொல்லித் தருகிறார்கள்? இந்த அறிக்கையிலே அது இருக்குமா?” என்று கேட்டார்.

கேட்டவர் எளியவர். விடையளிக்க வேண்டியவர்களோ பெரியவர்கள்!

அறிக்கையின் கதை இதுதான். 2007 ஜூலையில் ஜெனீவா நகரில் ஆறு கோட்பாடுகள் வெளியிடப்பட்டன. பின்னாளில் அவை ஏழாக விரிந்தன. இலாபத்தை மட்டும் பார்க்கும் மேலாளரை அல்ல, சமுதாயத்தையும் எண்ணிப் பார்க்கும் மேலாளரை உருவாக்குவோம் என்பது அவற்றின் சாரம். கையெழுத்திட்ட கல்லூரிகள் குறிப்பிட்ட இடைவெளியில் அறிக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் உறுதிமொழி, செய்த பணிகள், அவற்றால் விளைந்த பலன், அடுத்து எட்ட வேண்டிய குறிக்கோள் – இந்த நான்கும் அதிலே இருக்க வேண்டும் என்றார்கள். அறிக்கை தராத கல்லூரி பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

நல்ல ஏற்பாடு. மறுக்கவில்லை நாம். கணக்குக் காட்டுகிறேன் என்று தானாக முன்வருவது பண்புடைமை. ஆனால் கணக்கை எழுதுபவர் யார்? கல்லூரி! பலனை அளந்து சொல்பவர் யார்? அதே கல்லூரி! அறிக்கைக்கு மதிப்பெண் இடுவோர் எவருமில்லை. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்திக்கொண்டால் தோல்வி எங்கிருந்து வரும்? மரம் நட்டோம், கருத்தரங்கு கூட்டினோம், மாணவர்களைச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றோம் – இத்தகைய வரிகள்தாம் அறிக்கைகளில் மலிந்து கிடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், தோழர்களே! 2007-இல் எழுதிய ஆறாவது கோட்பாடு, யார் யாரோடு கலந்து பேச வேண்டும் என்று ஒரு வரிசை தருகிறது. ஆசிரியர் உண்டு, மாணவர் உண்டு, வணிக நிறுவனம் உண்டு, அரசு உண்டு, நுகர்வோர் உண்டு, செய்தி ஏடுகள் உண்டு, சமூக அமைப்புகள் உண்டு. இறுதியில், அக்கறையுள்ள இன்ன பிறரும் உண்டு! தொழிலாளி என்ற சொல் மட்டும் இல்லை! சமூக அமைப்பு என்பதில் சங்கமும் அடங்கும் என்பார்கள். அடங்கலாம். ஆனால் வாங்குபவருக்குப் பெயர் சொல்லி இடம் உண்டு. உண்டாக்குபவனுக்கு ‘இன்ன பிறர்’ வரிசையா?

பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பதைப் பெரம்பூர் அறியும். பக்கிங்காம் – கர்னாட்டிக் ஆலை பள்ளி நடத்தியதும் உண்டு. குடியிருப்புக் கட்டியதும் உண்டு. அந்நாளில் முன்னேற்ற அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள்! ஆனால் அந்த ஆலைத் தொழிலாளர்க்காக 1918-இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அவர்கள் எப்படி நடத்தினார்கள்? 1920-இல் கதவடைப்பு. சங்கத் தலைவர் வாடியா மீதும் பிறர் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்கு. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டக் கூடாது என்று தடை! சங்கத்துக்குச் சட்டக் காப்பு இல்லாத காலம் அது. 1921-இல் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1926-இல்தான் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூர்த் தொழிலாளி பட்ட பாட்டுக்கு அந்தச் சட்டத்தின் பிறப்பிலே பங்குண்டு. மேலாண்மை கற்கும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது?

நடவாததைக் கேட்கவில்லை நாம். ஜாம்ஷெட்பூரில் 1949-இல் தொடங்கிய சேவியர் நிறுவனம் தன் பெயரிலேயே ‘தொழிலாளர் உறவு’ என்பதைத் தாங்கியது. தொடக்க நாட்களில் தொழிற்சங்கத்தாருக்கும் அங்கே வகுப்பு நடந்தது. அன்று முடிந்தது இன்று முடியாதா?

ஆகவே, மகனைச் சேர்க்கப் போகும் தோழருக்குச் சொல்கிறோம். கையேட்டை நம்பி நின்றுவிடாதீர், அறிக்கையைக் கேளுங்கள். அது ஊரறிய வெளியிடப்படும் ஏடு, மறைபொருள் அல்ல. அதை வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற முறை சொன்ன குறிக்கோளில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை? ஒப்பந்தக் கூலியின் ஊதியம், பணிப் பாதுகாப்பு, சங்க உரிமை – இவை பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் படர்ந்து மீனவர் பிழைப்பு கெட்டதே, அதைப் பற்றி வகுப்பிலே பேச மீனவரையோ தொழிலாளரையோ அழைத்தது உண்டா?

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு பக்கத்தைச் சங்கத்துக்கு ஒதுக்குங்கள். உங்களிடம் படித்த மேலாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை அவரின்கீழ் உழைப்பவன் எழுதட்டும். புகழ்ந்து எழுதினால் நூறு கருத்தரங்குக்கு அது சமம். இகழ்ந்து எழுதினால், அடுத்த ஆண்டுக்கான குறிக்கோள் அங்கேயே கிடைத்துவிடும்!

மகன் படிக்கட்டும், மேலாளராகட்டும், மகிழ்கிறோம். ஆனால் அப்பனை ‘இன்ன பிறர்’ என்று எழுதக் கற்றுவிட்டு அவன் வீடு திரும்ப வேண்டாம்!