துணைப்பொறியின்றிப் பறக்கும் ஆகாயவிமானம்

ஆகாயவிமானத்தில் ஏறி அமர்ந்தபின், "துணை வலுப்பொறி பழுதாகியுள்ளது, சிறிது பொறுத்தருள்க" என்று ஒலிபெருக்கியிற் கேட்கும் பயணி அச்சமுறுதல் இயல்பே. பொறி பழுது என்றவுடன் விமானமே பழுது என்று எண்ணிவிடுகின்றோம். ஒருமுறை என்னருகில் அமர்ந்திருந்த முதியவர் இவ்வறிவிப்பைக் கேட்டு நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தார். நேர்த்தியை யான் குறைகூறேன். ஆயினும் பழுதுற்ற உறுப்பு யாது, அஃதின்றிப் பறத்தல் தகுமோ என்பதை அறிந்துவைத்தல் நன்று. பலாலியிலிருந்து மீண்டும் விமானங்கள் எழுகின்ற இக்காலத்தில் இது நமக்குப் புறம்பான செய்தியுமன்று.

பெரிய விமானங்களின் வாற்கோடியில் ஒரு துளை இருப்பதைப் பலர் கண்டிருப்பர். அது, ஏ.பி.யூ. எனப்படும் துணை வலுப்பொறியின் புகைவழி. உள்ளேயிருப்பது ஒரு சிறு வளிச்சுழலி. விமானத்தை முன்னோக்கித் தள்ளும் வேலை அதற்கில்லை. பெரும்பொறிகள் தரையில் ஓய்ந்திருக்கும்போது விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் மின்னோட்டம் தருவதும், அமுக்கிய காற்றை அனுப்பிப் பயணிகள் அறையைக் குளிர்விப்பதும், அதே காற்றினாற் பெரும்பொறியின் தொடக்கியைச் சுழற்றுவதுமே அதன் தொழில். குத்துவிளக்கை ஏற்றுதற்குக் கையிற் பிடிக்கும் சிறுதிரி போன்றது அது. விளக்கு எரியத் தொடங்கியபின் திரியை அணைத்துவிடலாம். 1964ஆம் ஆண்டு சேவைக்கு வந்த போயிங் 727 இத்தகைய பொறியைத் தன்னுள்ளே சுமந்துவந்தது. வசதி குறைந்த சிறு நிலையங்களிலும் பிறர் கையை எதிர்பாராது இயங்கவேண்டும் என்பதே அதனை அமைத்தோரின் நோக்கம்.

இச்சிறுதிரி பழுதுற்றால் அயல்வீட்டில் நெருப்பு வாங்கவேண்டும். மின்னோட்டத்திற்கு ஒரு வண்டி வருகின்றது. அது 115 வோல்ற்று அளவில், செக்கனுக்கு 400 சுற்றுக்கள் கொண்ட ஆடலோட்டத்தைத் தருகின்றது. அமுக்கிய காற்றுக்கு வேறொரு வண்டி. காற்றுவண்டியின் துணையால் ஒரு பொறியைத் தரிப்பிடத்திலேயே தொடக்கிவிட்டு, வண்டிகளைக் கழற்றி அகற்றிவிடுவர். பின்னர் இயங்கும் பொறியின் வேகத்தைச் சிறிது கூட்டி, அதிலிருந்து எடுத்த காற்றைக் குறுக்குக் குழாய்வழியே செலுத்தி மற்றைப் பொறியை எழுப்புவர். அவ்வேளை பின்புறத்தில் ஆளோ வண்டியோ நிற்றலாகாது. இத்தனையும் முடியும்வரை அறை வெந்து, பயணிகள் கையிலகப்பட்ட கடதாசியால் விசிறிக்கொண்டிருப்பர். மின் மாறும் கணத்தில் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிதலும் உண்டு. நம் முதியவரைக் கலங்கச் செய்தது பெரும்பாலும் அதுவே.

பறக்கும்போதோ பெரும்பொறி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகின்றது. ஆகவே துணைப்பொறி அப்பொழுது பெரும்பாலும் உறங்கிக்கொண்டே வருகின்றது. எவ்வெவ்வுறுப்புப் பழுதுற்றிருந்தும் எந்நிபந்தனையோடு புறப்படலாம் என்பதைக் குறைந்தபட்ச உபகரணப் பட்டியல் என்னும் ஏடு வகுக்கின்றது. துணைப்பொறிக்கு அஃது அளிக்கும் தவணை பெரும்பாலும் 10 நாள், அதற்குள் திருத்தியாகவேண்டும். ஆனால் பெரும்பொறியின் மின்பிறப்பாக்கியொன்றும் பழுதாயின் கதை வேறு. அதன் இடத்தை நிரப்ப வேண்டியது துணைப்பொறியே. ஒவ்வொன்றாகப் பொறுக்கத்தக்க இரு குறைகள் ஒருங்கே பொறுக்கத்தக்கன அல்ல. இரட்டைப் பொறி விமானம் அகன்ற சமுத்திரத்தைக் கடக்கும் வழிகளிலும் விதி இறுகுகின்றது. ஏடு இசைந்தாலும், இறங்குமிடத்திற் காற்றுவண்டி உண்டோ, வானிலை எவ்வாறு என்றெல்லாம் நோக்கித் தலைமை விமானி மறுக்கலாம். அங்ஙனம் மறுப்பவரைப் பயணிகள் ஏசுவதை யான் கேட்டிருக்கின்றேன். நாம் வாழ்த்தவேண்டியவர் அவரன்றோ!

உறங்கும் பொறி உயிர்காத்த நாளும் உண்டு. 2009 சனவரி 15ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து எழுந்த எயார்பஸ் 320 ஒன்றின் இரு பொறிகளும் பறவைக் கூட்டத்தில் மோதி வலுவிழந்தன. தலைமை விமானி சலன்பேர்கர், அவசர ஏட்டின் வரிசை அவ்விடத்தை எட்டும்வரை காத்திராது, உடனே துணைப்பொறியை இயக்கினார். அம்மின்னோட்டத்தால், வேகங்குன்றி விமானம் நிலைகுலையாது காக்கும் கணினிக் காப்பு முழுமையாக நிலைத்தது. ஹட்சன் ஆற்றில் இறங்கிய அவ்விமானத்திலிருந்த 155 பேரும் பிழைத்தனர். ஆதலின் துணைப்பொறி இன்றிப் பறக்கலாம் என்பது, அது வேண்டாத பொருள் என்பதன்று. பாதுகாப்பின் ஒரு படி குறைகின்றது. அக்குறையை அளந்தறிந்து ஏற்கின்றனர்.

இனிப் பலாலிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்த அத்தளத்தின் வழியாகவே 1947 திசெம்பர் 10இல் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து சென்னை சென்றது. அன்று பறந்த டக்கோட்டாவில் இன்று நாம் கூறும் வளிச்சுழலித் துணைப்பொறி கிடையாது. அறையைக் குளிர்விக்கும் கவலையும் கிடையாது. நெடுங்கால இடைவெளியின்பின், 2019 ஒற்றோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 திசெம்பரில் மீண்டது. அவ்வழியிற் பறந்துவரும் ஏ.ரி.ஆர். 72 விமானத்தின் வாலிலும் துணைப்பொறி இல்லை! பழுதன்று, அமைத்தவர்களே அதை வைக்கவில்லை. பாரத்தைக் குறைக்க அவர்கள் கண்ட உபாயம் வியக்கத்தக்கது.

அவ்விமானத்தின் பொறியில், காற்றை அமுக்கி எரிக்கும் பகுதிக்கும் விசிறியைச் சுழற்றும் சுழலிக்கும் இடையே இரும்புத் தண்டின் பிணைப்பு இல்லை. சூடான வளியின் வேகம் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றது. எனவே வலப்பக்க விசிறியைத் தடுப்பினாற் பூட்டிவிட்டு, பொறியை மட்டும் ஓடவிடலாம். அதுவே மின்னோட்டமும் குளிர்காற்றும் தந்து துணைப்பொறியாகப் பணிபுரிகின்றது. ஹோட்டல் முறை என்பது இதன் பெயர். பயணிகள் ஏறும் வாயில் இடப்புறத்து வாற்பக்கத்தில் இருப்பதும் இதனோடு பொருந்துகின்றது. ஒரு கட்டுப்பாடு உண்டு: பின்புறத்திலிருந்து காற்று வலுத்து வீசினால் இம்முறையைப் பயன்படுத்தலாகாது. சோளகமும் வாடையும் அறிந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. தடுப்புப் பழுதானாலோ மின்வண்டியை நாடவேண்டும். அதுவும் இல்லையெனில் மின்கலத்தைக் கொண்டே பொறியைத் தொடக்கலாம், காற்றுவண்டி தேவையில்லை. துணைப்பொறி இழந்த பெரிய தாரை விமானமோ, காற்றுவண்டி இல்லாத நிலையத்தில் இரு பொறிகளையும் நிறுத்திவிட்டால், ஒரு வண்டி வந்து சேரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கும்.