வண்டி போன பின்னும் நிற்கும் கடன்

சில மாதங்களுக்கு முன் தம்மம்பட்டியை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி, தம் ஊர்ப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவருடன் நமது அலுவலகத்திற்கு வந்திருந்தார். மரவள்ளிக் கிழங்கை ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லவும், மற்ற நாட்களில் வாடகைக்கு ஓட்டவும் பைனான்ஸில் ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருந்தவர் அவர். கிழங்கு விலை சரிந்த வருடத்தில் தவணை தவறிற்று. வண்டியைச் சீஸ் செய்து கொண்டு போய்விட்டார்கள். அது நடந்து நான்கு வருடங்களுக்கு மேலாகிறது. வண்டியோடு கடனும் தொலைந்தது என்றே அவர் இருந்துவிட்டார். இப்போது வசூல்காரர் ஒருவர் வந்து, 1,80,000 ரூபாய் பாக்கி நிற்கிறதென்றும், 5,000 ரூபாய் கட்டி ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால் மீதிக்குச் சாவகாசமாகத் தவணை போட்டுத் தரலாமென்றும் கூறியிருக்கிறார். கையெழுத்திட அவர் தயாராகவே இருந்தார். காகிதத்தைப் படித்துப் பார்த்த அங்கத்தினர்தாம் தடுத்து, அழைத்து வந்தார்.

இத்தகைய காகிதங்கள் பல கிராமங்களிலும் உலவுகின்றனவாதலால், இது பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டதனால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. வண்டி கடனுக்கு ஈடு மட்டுமே. அதை விற்ற தொகையைக் கடனில் வரவு வைத்து, மீதியைக் கடன்காரரிடம் கேட்கக் கம்பெனிக்கு உரிமையுண்டு. மேற்படி விவசாயியிடம் வாய்ச் சொல்லாகக் கூறப்பட்ட கணக்கு இது: பாக்கி 4,00,000 ரூபாய், வண்டி ஏலம் போனது 2,50,000 ரூபாய், வண்டியை எடுத்த செலவும் நிறுத்தி வைத்த இட வாடகையும் 30,000 ரூபாய், ஆக நிற்பது 1,80,000 ரூபாய். இக்கணக்கு சரியா, தவறா என்பதை எழுத்தில் பார்த்தால் அல்லாது யாரும் சொல்ல இயலாது. ஆகவே ஒப்பந்தத்தின் நகல், கணக்கு விவரம், ஏல அறிவிப்பு, விற்ற தேதி, விற்ற விலை ஆகியவற்றை எழுதிக் கேட்பதே முதல் வேலை. கம்பெனி தனது ஒப்பந்தத்தில், வண்டியை எடுக்குமுன் தரவேண்டிய அறிவிப்புக் காலம், விற்குமுன் கடன்காரருக்குக் கடைசியாக அளிக்கும் அவகாசம், ஏல முறை ஆகியவற்றைக் குறிப்பிட்டிருக்க வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. தவணை தவறியதற்கான அபராதத்தின் மேல் மீண்டும் வட்டி போடலாகாது என்று அவ்வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டு, அது 2024 இல் அமலுக்கு வந்தது. கணக்கைப் பார்க்கையில் இவற்றை நினைவிற் கொள்ள வேண்டும்.

வண்டியை எடுத்த விதமும் கவனிக்கத் தக்கது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை தீரும்வரை வண்டி பைனான்ஸ் கம்பெனிக்கே சொந்தம் என்று 2020 இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது உண்மையே. எனினும், 2011 இல் ஒரு கார்க் கடன் வழக்கில், வசூல் சட்டப்படியே நடைபெற வேண்டும், பலாத்காரம் கூடாது என்று அதே கோர்ட்டு தெளிவாகக் கூறியிருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல்காரர் தொலைபேசியில் அழைக்கலாகாது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

இனி, கையெழுத்து விஷயத்திற்கு வருவோம். புரோநோட்டுக்கு மூன்று வருடம் என்பது நம் கிராமத்தார் யாவரும் அறிந்ததே. மூன்று வருடம் முடியுமுன் நோட்டின் பின்புறத்தில் ஒரு சிறு தொகையை வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், மீண்டும் மூன்று வருடம் உயிர் பெறும் என்பதும் தெரிந்ததே. 1963 ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 18, 19 ஆவது பிரிவுகள் கூறுவது ஏறக்குறைய இதைத்தான். வண்டிக் கடனுக்கும் அது பொருந்தும். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்ததாகையால், அதை வழக்கறிஞர் பார்த்தே சொல்ல வேண்டும்.

காலம் கடந்த பின்போ, வேறொரு வலை இருக்கிறது. காலாவதியான கடனை ‘இன்ன தொகை தருகிறேன்’ என்று எழுத்தில் ஒப்புக் கையெழுத்திட்டால், 1872 ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25 ஆவது பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகவே நிற்கும். நமது விவசாயியிடம் நீட்டப்பட்ட காகிதம் இவ்வகையைச் சேர்ந்ததே. கணக்குக் கேட்டு எழுதும் கடிதத்திலுங்கூட ‘நான் தரவேண்டிய பாக்கி’ என்று எழுதாமல், ‘தாங்கள் கோரும் தொகை’ என்று எழுதுவதே உசிதம்.

கடனைத் தராமல் ஏய்க்க வழி சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். காலாவதியாவது வழக்கிடும் உரிமையே, கடன் அன்று. கொடுக்க வல்லவர் கொடுப்பதே நேர்மை. ஆனால் எவ்வளவு, எதற்கு என்று அறியாமல் கையெழுத்திடுவது நேர்மையின் பாற்பட்டதாகாது.

சர்க்கார் தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்போரும் உளர். ராஜாஜி மந்திரி சபை கொண்டுவந்த 1938 ஆம் வருடத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1 ஆம் தேதி வரை நின்ற வட்டியைத் தள்ளி அசலை மட்டும் நிறுத்தியது. 2021 இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. அது கூட்டுறவு வங்கிகளில் பெற்ற பயிர்க் கடனே. பைனான்ஸ் வண்டிக் கடன் அதில் சேரவில்லை.

நிற்க. அன்று நாம் அந்த விவசாயியை ஒன்று கேட்டோம்: “இந்த நான்கு வருடத்தில் சென்னையிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ உறை ஏதும் வந்ததா?” வந்ததாகவும், இங்கிலீஷில் இருந்ததால் பரண் மேல் போட்டதாகவும் சொன்னார். மறுவாரம் கொண்டு வந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் நடுவர் ஒருவர் அனுப்பிய நோட்டீசு அது. நமக்குத் திகைப்பாகவே இருந்தது. மூன்று வருடம் கடந்துவிட்டது என்ற நினைப்பிலேயே அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஓர் உறையால் நிலைமை மாறிவிட்டது. நடுவர் விசாரணை கோரிக் கம்பெனி அனுப்பும் நோட்டீசு கடன்காரருக்குக் கிடைத்த நாளோடு காலக் கணக்கு நின்றுவிடும். தீர்ப்பு ஆகியிருந்தால், அது கோர்ட்டு டிக்ரியைப் போன்றது. நிறைவேற்றப் 12 வருடம் அவகாசமுண்டு. தீர்ப்பை எதிர்ப்பதானால், அது கையில் கிடைத்த மூன்று மாதத்திற்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வழக்கில் அக்கறையுள்ள ஒரு தரப்பார் தாமே தனி நடுவரை நியமிப்பது கூடாதெனச் சுப்ரீம் கோர்ட்டு 2019 இல் கூறியிருப்பதால் வாதத்திற்கும் இடமுண்டு. பிரிக்காத உறைக்குள் எந்த வாதமும் செய்ய முடியாது!

டிக்ரி ஆனாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆவது பிரிவின்படி விவசாயி குடியிருக்கும் சொந்த வீடு, உழவுக் கருவிகள், தொழிலுக்கு வேண்டிய மாடுகள், விதைத் தானியம் ஆகியன விலக்குப் பெற்றவை. கைவினைஞரின் கருவிகளுக்கும் இவ்விலக்கு உண்டு. தம்மம்பட்டி மரச் சிற்பிகளின் உளியை எவரும் ஜப்தி செய்ய இயலாது. ஜாமீன் போட்டவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது: கடன்காரரைப் போலவே அவர்களும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளிகள்.

சமரசம் பேசுவதானால், தொகையை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் கட்ட வேண்டும். கட்டியதும் பாக்கியில்லாச் சான்றையும், ஆதியில் கொடுத்த வெற்றுச் செக்குகளையும் திரும்பப் பெற வேண்டும். குறைந்த தொகைக்குச் சமரசமாகும் கடன் சிபில் பதிவில் முழுதும் தீர்ந்த கடனாக அன்றி, சமரசத்தில் முடிந்ததாகவே காட்டப்படும். அடுத்த டிராக்டர்க் கடனுக்குப் போகும்போது அது தெரிய வரும். போன வண்டியின் ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறதென்று போக்குவரத்து அலுவலகத்தில் பார்ப்பதும் அவசியம். இன்னும் பழைய பேரிலேயே ஓடுமானால், விபத்து வழக்கிலும் பழைய சொந்தக்காரர் இழுக்கப்படலாம்.

கம்பெனி எழுத்து மூலமான புகாருக்கு 30 நாளில் பதில் தராவிடில், பெரும்பாலான கம்பெனிகளின் விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சட்ட உதவிக்கு ஆத்தூரில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. லோக் அதாலத்தில் முடியும் சமரசத்திற்குக் கட்டணமில்லை, அப்பீலும் இல்லை. ஆகவே அங்கும் கணக்கைப் பார்த்த பின்பே சம்மதிக்க வேண்டும்.

அவ்விவசாயி உறையையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஆத்தூருக்குச் சென்றார். தீர்ப்பு இன்னும் ஆகவில்லையென்று தெரிய வந்தது. கணக்குக் கேட்டு விரைவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது. வசூல்காரர் மறுபடி வந்தபோது, அங்கத்தினரின் வீட்டுத் திண்ணையில் வைத்தே பேசி அனுப்பியதாகக் கேள்வி. காகிதம் கையெழுத்தில்லாமலே இருக்கிறது.